மாமனாரின் படுக்கைப் புண்

"வீட்டுலயே நர்சு இருக்கயிலே என்னப்பா கவலை?"

என் மாமனார் இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து, பார்க்க வந்த ஒருவர் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்த நர்சு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள். தட்டை வாங்கிக்கொண்டு போக மாமியார் வருவார். அந்தக் கதவைத் தாண்டி முன்னறைக்குள் நான் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

அது எழுபதுகளின் கடைசி. நான் ராசிங்காபுரத்துக்காரி. மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டுப் போடியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தூரத்து உறவில் மாப்பிள்ளை அமைந்து போடிக்கே வாழ்க்கைப்பட்டேன். வேலையை விடச் சொல்லித்தான் முதலில் பேச்சு. ஆஸ்பத்திரி டாக்டர் என் மாமனாருக்குப் பழக்கம். அவர் நேரில் வந்து கேட்டதால் விட்டுவைத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரியில் உடுத்தும் வெள்ளைச் சேலையோடு வீட்டு வாசல் ஏறக்கூடாது. சுமங்கலி வெள்ளை உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதா என்று மாமியார் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதனால் தினமும் ஆஸ்பத்திரியிலேயே கலர்ச்சேலை மாற்றிக்கொண்டுதான் வருவேன்.

மாமனார் என்னோடு நேராகப் பேசியதே கிடையாது. கோபம் ஒன்றுமில்லை, அவர் வளர்ந்த விதம் அது. மருமகள் எதிரே வந்தால் அவர் ஜன்னலைப் பார்ப்பார். நான் சுவரோரமாக ஒதுங்கிப் போய்விடுவேன். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே தொந்தரவில்லாமல்தான் இருந்தது, அந்த ஐப்பசி மழை வரைக்கும்.

குரங்கணிக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம். காய் எடுக்கிற நேரம். ஓடைப் பக்கம் பாசி பிடித்த பாறையில் கால் வைத்திருக்கிறார். விழுந்தவரால் எழ முடியவில்லை. தோட்டத்து ஆட்கள் கம்பளியில் போட்டுத் தூக்கிக் குரங்கணிக்கு இறக்கி, அங்கிருந்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஜீப்பு ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் டிரைவரின் வம்சத்தையே திட்டிக்கொண்டு வந்தாராம். மதுரைக்குக் கொண்டுபோய் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். வயதையும் நெஞ்சு பலவீனத்தையும் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்தால் எலும்பு தானாகக் கூடும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. கால்மாட்டில் கயிறு கட்டிச் செங்கல் தொங்கவிட்டாயிற்று. என் கணவருக்கு இலவம்பஞ்சு வியாபாரம். அப்பாவுக்கென்று முதல் தரப் பஞ்சில் புது மெத்தை தைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நல்ல மெத்தை பாழாகிவிடக்கூடாதே என்று மாமியார் அதன்மேல் ஒரு ரெக்சின் விரிப்பைப் போட்டார். அதற்கு மேலே மெல்லிசாக ஒரு துணி. அந்த ரெக்சினைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்ததுமே மாமியாரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"அத்தே, அந்த ரெக்சின எடுத்துருங்க. வேர்வ உள்ளேயே நிக்கும். முதுகு அவிஞ்சு போகும்."

"மெத்த நனைஞ்சா யாரு காயப்போடுறது? நீயா?"

"நான் காயப்போடுறேன் அத்தே."

"ஒனக்கு ஆஸ்பத்திரிச் சோலியே சரியாப் போகுது."

முதுகைப் புண்ணாக்குவது வேர்வை மட்டுமில்லை. அசையாமல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு துருத்தும் இடங்களில் சதை எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் நசுங்கிப் போகும். ரத்தம் ஓடாது. வால்முனை எலும்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை. முதலில் சிவப்பாக ஒரு தடம் தெரியும். விரலால் அமுக்கி எடுத்தால் அந்த இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். படிப்பில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். வார்டில் யாருக்காவது படுக்கைப் புண் வந்தால், மூத்த சிஸ்டர் நோயாளியைப் பார்க்க மாட்டார், எங்களைத்தான் பார்ப்பார்.

எடை கட்டிய காலை வைத்துக்கொண்டு ஆளை முழுசாகப் புரட்ட முடியாது. ஆனால் வேறு வழி உண்டு. விட்டத்தில் ஒரு கயிறு கட்டிப் பிடி வைத்துவிட்டால், அவரே அதைப் பிடித்துத் தொங்கி இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் முதுகுக்கு ஒரு பக்கம் சின்னத் தலையணை செருகிச் சாய்க்கலாம், பிறகு மறுபக்கம். கெண்டைக்காலுக்கு அடியில் மெத்தென்று ஏதாவது கொடுத்துக் குதிகாலைப் படுக்கையில் படாமல் வைக்கலாம். எல்லாவற்றையும் கணவரிடம் விளக்கினேன். அவர் சின்னச் சின்னத் தலையணைகள் தைத்துக்கொண்டு வந்தார். கயிறும் கட்டினார்.

மாமனார் கயிற்றைத் தொடவில்லை.

"நாலு பேரு வந்து போற எடத்துல, கொரங்கு கணக்கா கயித்தப் புடிச்சுத் தொங்கச் சொல்றீகளா?"

தலையணைக்கும் அதே மரியாதைதான். சீக்காளி மாதிரி ஒருக்களித்துக் கிடக்க மாட்டாராம். வருகிறவர்களைப் பார்த்து நேராக, மல்லாந்து, தோரணையாகத்தான் படுப்பாராம். வருகிறவர்களுக்கோ பஞ்சமே இல்லை. ஏலக்காய் வியாபாரிகள், தோட்டத்துக்காரர்கள், சொந்தங்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து கட்டிலிலேயே உட்கார்ந்து, மெத்தையைக் குழியாக்கிவிட்டுப் போவார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று, "ஏங்க, கயித்தப் பிடிக்கச் சொல்லுங்க, இடுப்பத் தூக்கச் சொல்லுங்க" என்று கணவரிடம் ரகசியக் குரலில் கத்துவேன். அவர் அப்பாவிடம் போய், "அப்பா, கயிறு..." என்பார். அப்பா ஒரு பார்வை பார்த்ததும் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஒருநாள் முதுகைத் துடைத்துவிட்டு வந்த கணவர், "கீழ முதுகுல லேசாச் செவந்திருக்கு" என்றார்.

"அமுக்கிப் பார்த்தீங்களா? வெளுத்துச்சா?"

"எங்கிட்டு வெளுக்க? பார்க்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. வந்துட்டேன்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத எத்தனையோ ஆண்களின் புண்ணைக் கழுவியிருக்கிறேன். ஏலச்செடிக்குள் வேலை செய்து அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சீழ் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், அரிவாள் வெட்டு, சேற்றுப்புண், சிரங்கு என்று எதையும் விட்டதில்லை. என் வீட்டில், பத்தடி தூரத்தில், ஒரு முதுகு அழுகப் போகிறது. அதை நான் கண்ணால் பார்க்கக்கூடாது.

மாமியாரிடம் நேராகவே கேட்டேன். "நான் ஒரு தடவ பார்த்துக்கிறேன் அத்தே. வேட்டிய மறைச்சுக்கிட்டு எடத்த மட்டும் காட்டுங்க."

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "மாமன் முதுகையும் அதுக்குக் கீழயும் மருமக பார்க்கிறதா? வெளிய தெரிஞ்சா நாக்கப் புடுங்கிக்கிட்டுத்தான் சாகணும். அவுகளுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே உசுர விட்ருவாக."

பிறகு கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்தது. தோல் உரிந்து ஈரம் கசிந்தது. அப்போதுதான் சிலமலையிலிருந்து என் கணவரின் அக்கா வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில் நிறையப் பச்சை எண்ணெய், கூடவே கோழி இறகு ஒன்று. ஊரில் யாரோ காய்ச்சிக் கொடுத்ததாம். நான் டியூட்டியில் இருந்த நேரம் பார்த்து, இறகால் தொட்டுத் தொட்டுப் புண் முழுக்கப் பூசியிருக்கிறார். அது போதாதென்று, மருந்துக் கடையில் சிவப்பும் மஞ்சளுமாக விற்கிற காப்ஸ்யூலை வாங்கி, உடைத்து, உள்ளே இருந்த பொடியை மேலே தூவியிருக்கிறார். எண்ணெயும் பொடியும் சேர்ந்து களிம்பாகி, காய்ந்து, புண்ணுக்கு மூடி போட்டது போல் ஆகிவிட்டது. மூடிக்குக் கீழே சீழ்.

"மதினி, இப்படி மூடி வச்சா உள்ள அழுகும் மதினி. உப்புப் போட்டுக் காய்ச்சின தண்ணில கழுவி, சுத்தமான துணி வச்சாப் போதும்."

"புண்ணுல உப்புத் தண்ணியா? ஒங்க ஆஸ்பத்திரியில மனுசருக்குத்தான் வைத்தியம் பார்க்கிறீகளா?"

சாப்பாட்டிலும் அதே போராட்டம்தான். புண் ஆற முட்டை, பருப்பு, பால், மீன் என்று சத்தாக உள்ளே போக வேண்டும். மதினியும் மாமியாரும் சேர்ந்து பத்தியம் என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரசமும் சோறும் சுட்ட அப்பளமும் கொடுத்தார்கள். முட்டை தின்றால் சீழ் பிடிக்குமாம். சீழ் ஏற்கெனவே பிடித்திருக்கிறதே என்றேன். அதனால்தான் முட்டை கொடுக்கவில்லை என்றார்கள்.

கட்டுத் துணியைக் கிருமி சாக ஆவியில் வேக வைக்க நான் இட்லிப் பானையை எடுத்த அன்று வீடு இரண்டுபட்டது. புதுத் துணிதான், ஒரு சொட்டு ரத்தம் படாதது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாமியார் அந்தப் பானையைப் புளிபோட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, அதன் பிறகும் அதில் இட்லி அவிக்கவில்லை. நான் கடைத்தெருவுக்குப் போய்த் தனியாக ஒரு பானை வாங்கிவந்தேன்.

மதினி ஊருக்குத் திரும்பிய பிறகு, கட்டுப்போடும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். "கைய சோப்புப் போட்டுக் கழுவினீங்களா? நடுவுலேர்ந்து வெளிப்பக்கமாத் துடைங்க. ஒரு தடவ தொட்ட துணியத் திரும்ப வைக்காதீங்க. ஆழம் எவ்வளவு? ஓரம் கறுப்பா, மஞ்சளா?" என்று நான் கேட்கக் கேட்க அவர் குரல் மெலிந்துகொண்டே போகும். பஞ்சு மூட்டைகளோடு பழகிய மனிதர். கோழி அறுத்தாலே தெருப்பக்கம் போய்விடுவார்.

ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்தது. மாமனாருக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, ஏதேதோ பிதற்றுகிறார் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் ஒரு பிரசவத்தில் இருந்தார். முடிந்ததும் வருகிறேன், நீ வெரசாப் போய்க் காயத்தைத் திறந்து வை என்றார். சேலை மாற்ற வேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை. போட்டிருந்த வெள்ளைச் சேலையும் தலையில் தொப்பியுமாக ஓடிவந்தேன்.

வாசல் ஏறியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. முன்னறையில் மாமனாரைச் சுவர்ப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்திருந்தார் மாமியார். கணவர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்து முடித்தவர் புண்ணைப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணம் கீழே உருண்டது. பின்னாலேயே அவரும் சரிந்தார்.

"அய்யய்யோ, ஏ அப்பு! அப்பு!" என்று மாமியார் அலறினார். மகனைத் தூக்க வேண்டுமென்றால் புருஷனை விட வேண்டும். புருஷனை விட்டால் திறந்த புண் அப்படியே ரெக்சினில் படியும். என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். என் சேலையையும் பார்த்தார்.

நான் உள்ளே போனேன். கணவரின் கால் இரண்டையும் தூக்கி ஒரு தலையணைமேல் வைத்தேன். அவருக்கு அது போதும். கையைக் கழுவிக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன். ஒரு கை குழிந்து உட்காரும் அளவுக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மஞ்சளாகச் செத்த சதை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. வராமல் தடுத்திருக்க வேண்டிய புண். ஒரு கயிற்றையும் நாலு தலையணையையும் வைத்துத் தடுத்திருக்கக்கூடிய புண்.

சுவரைப் பார்த்தபடி மாமனார் கேட்டார். "யாரது?"

நான் ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னேன். "ஆஸ்பத்திரியிலேர்ந்து சிஸ்டர் வந்திருக்கேங்க."

அவருக்கு என் குரல் தெரியாமல் இருக்குமா? சுவர்ப்பக்கம் முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டார். பிறகு, "சரி. பாருங்க சிஸ்டர்" என்றார்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்து செத்த சதையை வெட்டி எடுத்து, காய்ச்சலுக்கு ஊசி போட்டார். காலையும் மாலையும் கழுவிக் கட்ட வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுலயே நர்சு இருக்கும்போது..." என்று அவரும் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால், பச்சைச் சேலையோடு மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மாமனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மாமியாரிடம் சொன்னார். "சிஸ்டர் வரட்டும்."

திரும்பிப் போய் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். காலையில் வெள்ளை உடுத்திக் கட்டுப்போட வேண்டும்; மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; அங்கே மறுபடி வெள்ளை; சாயங்காலம் கலரில் வீடு வந்து, திரும்ப வெள்ளை. கஞ்சி போட்டுத் தேய்த்த சேலைக்கு நான் எங்கே போவேன்? இதற்கிடையில் மாமியாருக்கு வெள்ளை உறுத்தாமல் இருக்க ஒரு யோசனை தோன்றியது. நெற்றியில் நாலணாக் காசு அளவு குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லிகை, அதற்கு மேலே நர்சுத் தொப்பி. எங்கள் மூத்த சிஸ்டர் அந்தக் கோலத்தைக் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் சிஸ்டர் சொன்னால் மாமனார் கேட்டார். ரெக்சின் போயிற்று. கயிற்றைப் பிடித்தார். ஒருக்களித்தார். யாராவது கட்டிலில் உட்கார வந்தால், "நாற்காலியில இருங்கப்பா, சிஸ்டர் வைவாக" என்றார். முட்டையும் வந்தது. அத்தனை நாளாகத் திரைக்குப் பின்னால் நின்று கத்தியது எல்லாம் யாருக்கு என்று எனக்கு எரிச்சல் பொங்கும்.

ஒருநாள் நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவரே பேச்செடுத்தார்.

"எங்க வீட்டுல ஒரு மருமக இருக்கு சிஸ்டர். நல்ல புள்ளதான். வாயி மட்டும் ஓயாது. கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, கயித்தப் புடி, கயித்தப் புடின்னு என் மகன் உசுர வாங்கும்."

பக்கத்தில் விளக்கைப் பிடித்திருந்த மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள சொன்னதக் கேட்டிருந்தா இந்தப் புண்ணே வந்திருக்காதுங்க" என்றேன்.

"அப்படியா சிஸ்டர்?" என்றவர், கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார். அந்த வீட்டில் அவர் யாருக்கும் அதிகமாகக் கொடுக்காத வார்த்தை அது. நான் கட்டுத்துணியை மடிப்பதுபோலக் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டேன்.

குழிக்குள் சிவப்பாக, மாதுளை முத்துப் பரப்பியது போலப் புதுச் சதை எழும்பியது. "ரத்தமா இருக்கே, மோசமாயிருச்சா?" என்று மாமியார் பதறினார். இதுதான் நல்ல சதை, ஓரத்திலிருந்து தோல் உள்ளே நகர்ந்து வரும் பாருங்கள் என்று காட்டினேன். அதன் பிறகு தினமும் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவரே பார்த்தார். "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு நூல் அளவு உள்ள வந்திருக்கு" என்பார். நடுவில் மதினி எண்ணெய்ப் பாட்டிலோடு மறுபடி வந்தார். மாமனார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "வேணாம் ஆத்தா. சிஸ்டர் திட்டுவாக."

தை கழிந்து எலும்பு கூடியது. மாசி முடிவதற்குள் புண் மூடியது. கம்பை ஊன்றி அவர் தெருமுனை வரை நடந்த அன்று, வாசலில் கூடிய சொந்தங்களிடம் மதினி சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது.

"மொதல்லயே அந்த எண்ணெயப் பூசினேன்ல. அது உள்ள எறங்கி, இருக்கிற கெட்டதையெல்லாம் வெளிய தள்ளிருச்சு. அப்புறம்தான் ஆறுச்சு."

எல்லோரும் ஆமோதித்தார்கள். மாமியார் மட்டும் உள்ளே வந்து, என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

புதுத்தோல் மெல்லிசு, சீக்கிரம் கிழியும், ஜீப்பில் குலுங்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பங்குனியில் அவர் குரங்கணிக்கு ஜீப்பேறிப் போய்விட்டுத்தான் வந்தார். தழும்பின் ஓரம் லேசாக வாய் பிளந்திருந்தது. திரும்ப வெள்ளைச் சேலை, திரும்ப மல்லிகைப்பூ. நல்லவேளை, வாரம் முடிவதற்குள் மூடிக்கொண்டது.

அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டு அம்மா வந்து வாசலில் நின்றார்.

"ஏத்தா, எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கால்ல வெந்நி கொட்டிருச்சு. ஒரு எட்டு வந்து பாரு."

"எப்பக் கொட்டுச்சு? பச்சத்தண்ணி ஊத்தினீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. நல்ல காபித்தூளா, மலைத்தூளா, நெறைய அப்பி வச்சிருக்கேன்."

நான் கண்ணை மூடித் திறந்தேன். உள்ளே போய், அந்தத் தூளைக் கழுவி எடுக்க உப்பைப் போட்டுத் தண்ணீர் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தேன்.